கொல்லிமலையில் ஓர் அட்டைப்படம் எடுத்தோம்

கொல்லிமலைக்கு அருவி பார்க்கப் போகிறவர்கள் உண்டு. சாமி கும்பிடப் போகிறவர்கள் உண்டு. நாலு வேரைப் பிடுங்கி வந்து மூலிகை என்று ஊரை ஏமாற்றுகிறவர்களும் உண்டு. நான் போனது ஏழு பேருடைய வேலையைக் காப்பாற்ற. அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி என்பதால் கொஞ்சம் அக்கறையாகவே போனேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. சென்னையில் ஒரு ஃபேஷன் பத்திரிகையில் நான் உதவி ஆசிரியர். பம்பாயில் இங்கிலீஷில் வழவழவென்று வந்துகொண்டிருந்த பத்திரிகையின் தமிழ்ப் பதிப்பு. பம்பாய்க்காரர்களுக்கு அட்டையில் இதுவரை யாரும் பார்க்காத ஒன்று வேண்டும். சென்னையில் எங்கள் விற்பனை மேலாளர் பத்மநாபனுக்கோ எல்லோரும் ஏற்கெனவே பார்த்த ஒன்று வேண்டும்: பட்டுப்புடவை, நகை, மல்லிகைப்பூ, சிவப்பாக ஒரு பெண், அவள் கையில் ஒரு விளக்கு. விளக்கு கிடைக்காவிட்டால் ஒரு தாம்பாளம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று வருஷமாக நான் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

ஒரு மாதம் தலையில் பறவைக் கூடு மாதிரி எதையோ கவிழ்த்த பெண் அட்டையில் வருவாள். அடுத்த மாதம் ஒட்டியாணம் கட்டிய பெண் வருவாள். இது ஒரே பத்திரிகைதானா என்று வாசகிகள் கடிதம் எழுதினார்கள். பிறகு எழுதுவதையும் விட்டுவிட்டார்கள். கடைசியில் பம்பாயிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. தீபாவளி இதழின் அட்டையை இரண்டு அலுவலகமும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தமிழில் அதுவே கடைசி இதழ். படம் அடுத்த திங்கட்கிழமைக்குள் சென்னையில் இருக்க வேண்டும்.

படம் எடுக்க பம்பாயிலிருந்து ரோஹனை அனுப்பினார்கள். அவர்தான் கலை இயக்குநர், அவர்தான் புகைப்படக்காரர், உடை அலங்காரமும் அவரே. பின்னந்தலையில் சின்னதாக ஒரு குடுமி, கழுத்தில் மூன்று கேமரா. கொல்லிமலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு இருப்பதாக யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். தலையில் செருகும் ஊசியின் பேரில் ஒரு ரோடு இருக்கிறது என்றால் ஃபேஷன்காரர் வேறு இடம் பார்ப்பாரா? கூடவே நைனா என்று ஒரு மாடல் பெண்ணும் வந்தாள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. குச்சியில் துணி சுற்றியது போல இருந்தாள். பேசவே மாட்டாள்.

முதல் நாள் காலை நாமக்கல்லில் இறங்கினோம். வேன் டிரைவர் முருகேசன் எங்களை ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். முட்டைக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு நைனா வெள்ளைக்கரு மட்டும் வேண்டும் என்றாள். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப மஞ்சக்கருவ என்னங்க பண்றது?"

"எனக்குக் குடுத்துடுங்க" என்றேன். மூன்று மஞ்சள் கருவும் நாலு இட்லியும் தின்றேன். அந்தப் பயணத்தில் நான் மனநிறைவோடு செய்த முதல் காரியம் அது.

அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். ரோஹன் ஜன்னலில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார். பன்னிரண்டாவது வளைவில் கேமராவைப் பெட்டிக்குள் வைத்தார். பத்தொன்பதில் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்து மூன்றில் நைனா வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, தின்ற வெள்ளைக்கருவை மலைக்கே திருப்பிக் கொடுத்தாள். முப்பத்து நாலில் வேனே பெருமூச்சு விட்டு நின்றது. முன்னாலிருந்து குபுகுபுவென்று ஆவி.

"சூடாயிப்போச்சுங்க மேடம். ஆறட்டும், சாயங்காலமா கொண்டாந்து சேக்கறனுங்க. நீங்க பின்னால வர்ற பஸ்ல ஏறிக்குங்க" என்றார் முருகேசன். இதைச் சொன்னபோது அவருக்கு முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எங்களோடு மிச்சமிருந்த வளைவுகளில் போவதைவிட ஒரு பாறை நிழலில் படுப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. நகைப்பெட்டியை நான் மடியில் வைக்க வழியில்லாமல் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரோஹன் ஒரு கோழிக்கூடையின் மேல் பாதி உட்கார்ந்தார். நைனா கம்பியைப் பிடித்தபடி வெளுத்துப்போய் ஆடினாள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து, அவளைத் தோளைப் பிடித்து அமுக்கித் தன் இடத்தில் உட்கார வைத்தாள். மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி மூக்கடியில் நீட்டினாள்.

"மோந்துக்க கண்ணு. சன்னல் பக்கம் பாக்காத, முன்னால பாரு" என்றவள் என்னிடம் திரும்பினாள். "ஏனுங்க, இந்தப் புள்ளைக்குச் சீக்குங்களா? எதுக்குங்க இப்பிடி எளைச்சுக் கெடக்குது?"

"சீக்கெல்லாம் இல்லீங்க. மாடல். அப்படித்தான் இருக்கணும்."

"அய்யோ பாவம். யாருங்க அப்பிடிச் சொன்னது?"

நான் ரோஹனைக் காட்டினேன். அந்தப் பெண் அவருடைய குடுமியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் பேர் செல்லாயி. மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு குக்கிராமம். புருஷனும் அவளுமாகச் சாமையும் மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் போடுகிறார்கள். களத்தில் சாமை அடித்துக்கொண்டிருக்கிறார்களாம். நாங்கள் படம் எடுக்க வந்தவர்கள் என்றதும், "எங்க களத்துக்கு வாங்க, நல்லா வெளிச்சமா இருக்குமுங்க" என்று தானாகவே கூப்பிட்டாள். வெளிச்சத்தைப் பற்றி எங்கள் குழுவில் அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை.

மேலே போய்ச் செம்மேட்டில் இறங்கியதும் முதல் வேலையாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பத்மநாபனுக்கு போன் போட்டேன்.

"கமலா, பட்டு கட்டிட்டாளா?" இதுதான் அவருடைய நலம் விசாரிப்பு.

"இப்பத்தான் சார் வாந்தி எடுத்து முடிச்சா."

"அது கெடக்கட்டும். பட்டு கட்டணும். ஏஜென்ட்டுங்க எல்லாம் கேக்கறாங்க. விளக்கு எடுத்துட்டுப் போனியா?"

எடுத்துப் போயிருந்தேன். என் துணிப்பைக்குள் ரோஹனுக்குத் தெரியாமல் ஒரு குத்துவிளக்கு இருந்தது. அதன் முனை இடுப்பில் குத்திக்கொண்டே வந்தது.

அன்று லாட்ஜில் போர்த்திக்கொள்ள எனக்கு இரண்டு கம்பளி கிடைத்தது. சென்னையில் செப்டம்பரில் மின்விசிறியைத் திட்டிக்கொண்டு படுக்கிற எனக்கு அந்தக் குளிர் ஒரு சொர்க்கம். ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிப்போனேன்.

இரண்டாம் நாள் காலை வேன் வந்து சேர்ந்திருந்தது. குண்டூர் நாட்டுக்குக் கிளம்பினோம். ரோட்டோரம் சாமைக் காட்டில் ஏழெட்டுப் பெண்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சேலைக்கு மேலே ஆம்பிளைகளின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். ரோஹன் "நிறுத்து, நிறுத்து" என்று கத்திய கத்தலில் முருகேசன் எதன் மேலோ ஏற்றிவிட்டோம் என்று பயந்து பிரேக்கை மிதித்தார்.

ரோஹன் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "பாருங்கள், பாருங்கள்! ஆணின் உடையும் பெண்ணின் உடையும் ஒன்றன்மேல் ஒன்று! அளவுக்கு மீறிய தோள்! பாரிஸில் இதற்காகத் தலைகீழாக நிற்கிறார்கள். இங்கே சும்மா வயலில் நிற்கிறது!"

செல்லாயியின் களத்தில் அவளும் அப்படித்தான் நின்றாள். நீலக் கோடு போட்ட வெளுத்துப்போன சட்டை, முழங்கை கிழிசல். எதற்குச் சட்டை என்று கேட்டேன்.

"சுணைங்க. சாமைத் தாளு ஒடம்புல பட்டா பிச்சுப் புடுங்கும். அதுக்குத்தான் ஊட்டுக்காரரு போட்டுக் கிழிச்சத மாட்டிக்கறது."

இதை ரோஹனுக்குச் சொன்னேன். "பாதுகாப்பிலிருந்து பிறக்கும் அழகு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். நான் மூன்று வருஷமாக அவர்கள் நோட்டில் எழுதுவதைத் தமிழில் பெயர்த்து வயிறு வளர்ப்பவள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

முடிவாகிவிட்டது. பட்டுப்புடவை, அதன் மேல் அந்த நீலக் கோட்டுச் சட்டை. இந்தப் பக்கம் பத்மநாபன், அந்தப் பக்கம் பாரிஸ். கேட்டதும் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். செல்லாயி தன் சட்டையைக் கழற்றினாள். "இருங்க, அலசிப் போட்டுக் குடுக்கறேன், வெயில்ல பொசுக்குனு காஞ்சிரும்" என்றாள். ரோஹன் பதறினார். அலசினால் சட்டையின் குணம் போய்விடுமாம். அப்படியே வாங்கிக்கொண்டு வேனுக்குள் போய்விட்டார்.

நைனா வெளியே வந்தபோது பச்சைப் பட்டு, நகை, காலில் நாலு விரற்கடை உயரத்துக்குக் குதிகால் வைத்த செருப்பு. செருப்பு விளம்பரக்காரர் கொடுத்தது. களத்தின் ஓரத்திலேயே செல்லாயி மறித்தாள்.

"களத்துல செருப்பு ஆகாதுங்க. கழட்டு சாமி."

நைனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் புரிந்துவிட்டது. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். ரோஹன் ஏதோ முனகினார். அப்போதுதான் செல்லாயி சட்டையைக் கவனித்தாள். தையல் எல்லாம் வெளியே தெரிய, உள்பக்கம் வெளிப்பக்கமாக இருந்தது.

"அய்யய்யோ, என்னங்க திருப்பிப் போட்டுருக்குது! வெளிப்பக்கமெல்லாம் சுணை ஒட்டிக் கெடக்குமே! அத ஒடம்போட வெச்சா சும்மா உடுமா? கழட்டச் சொல்லுங்க!"

நான் அடித்துப்பிடித்து ரோஹனிடம் சொன்னேன். தையல் தெரிந்தால்தான் சட்டை உண்மை பேசும் என்றார். அரிக்குமாம் சார் என்றேன். "ஃபேஷன் என்றால் கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும்" என்று கேமராவுக்குள் கண்ணைப் புதைத்தார்.

எண்ணி ஐந்து நிமிஷம். நைனா முதலில் தோளைக் குலுக்கினாள். ரோஹன் "அருமை, இன்னும்" என்றார். முதுகை வளைத்தாள். "பிரமாதம்" என்றார். பிறகு இரண்டு கையாலும் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில், மரவள்ளிக் காட்டில் இருந்த செல்லாயியின் புருஷன் மண்வெட்டியோடு ஓடி வந்துவிட்டார். ரோஹன் அதையும் இரண்டு படம் எடுத்தார் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

செல்லாயி அவளை வீட்டுக்குள் இழுத்துப்போய், வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, தேங்காயெண்ணெய் தடவினாள். அதற்குள் கழுத்து, கை, கன்னமெல்லாம் தடித்துச் சிவந்து, ஒரு கண் பாதி மூடிவிட்டது. செம்மேடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஊசி போட்டு மாத்திரை கொடுத்த டாக்டர், வீக்கம் வடிய நாலு நாள் ஆகும் என்றார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். "படிச்சவங்கதானே நீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

ஒரு நல்லது நடந்தது. செல்லாயி வீட்டுக்குத் திரும்பியதும் நைனா பசிக்கிறது என்றாள். நான் அவளுடைய வெள்ளரிக்காய் டப்பாவைத் தேடினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு அடுப்பைக் காட்டினாள். சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். தட்டில் போடப் போட உள்ளே போயிற்று. ஒரு கண்ணால் சோற்றைப் பார்த்துக்கொண்டு, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். எட்டு வருஷமாக வயிறு நிறையத் தின்றதில்லை என்று இந்தியில் சொன்னாள். நான் தமிழில் சொன்னதும் செல்லாயி, "அட பாவமே, இன்னொரு கரண்டி ஊத்திக்க கண்ணு" என்று சட்டியைக் கவிழ்த்தாள். அந்தச் சோற்றை நானும் தின்றேன். சென்னையில் பெரிய ஓட்டல்காரர்கள் சிறுதானியம் என்று எதையோ கிண்ணத்தில் வைத்து நீட்டும்போதெல்லாம் அந்தக் குழம்பின் காரம் ஞாபகம் வந்து எரிச்சலாக இருக்கும்.

சாயங்காலம் பூத்துக்குப் போனேன்.

"பட்டு கட்டிட்டாளா?"

"கட்டினா சார். மேல ஒரு சட்டையும் போட்டா."

"சட்டையா?"

"ஆம்பிளை சட்டை. பழசு."

"ஏம்மா, தீபாவளி இதழ் போடறோமா, இல்ல எங்க வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பறியா? கடைசி இதழ்னு முடிவே பண்ணிட்டியா?"

மாடலின் முகம் வீங்கிவிட்டது, கையில் உருப்படியாக ஒரு படமும் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கும் ஊசி போட வேண்டியிருக்கும். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டில் சம்பளக்காரி நான் ஒருத்திதான். மற்ற ஆறு பேரின் வீட்டையும் எனக்குத் தெரியும். ஒரு கிழட்டுச் சட்டையால் இத்தனை பேர் தெருவுக்கு வரப்போகிறார்களே!

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இன்று எடுத்தால்தான் உண்டு. ரோஹனுக்குக் காலையிலேயே யோசனை வந்துவிட்டது. செல்லாயியையே எடுத்துவிடலாம், அந்தச் சட்டையோடு, வியர்வையோடு, முறத்தோடு. "உண்மை. வெறும் உண்மை" என்றார்.

செல்லாயியிடம் கேட்டேன். எந்தப் புத்தகம், எதற்கு, எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டாள். தீபாவளிக்கு என்றதும் முகம் சுருங்கியது.

"தீவாளிப் பொஸ்தகத்துல இந்தச் சட்டையோடயாங்க? நாலு சனம் பாத்தா சிரிக்காதுங்களா? களத்து வேலைக்குப் போடறத போட்டோவுக்குப் போடுவாங்களா யாராச்சும்? அந்தப் பச்சைப் பொடவை இருக்குதில்லீங்க, அது குடுங்க. கட்டிக்கறேன்."

ரோஹனிடம் சொன்னேன். முடியவே முடியாது, காலண்டர் மாதிரி ஆகிவிடும் என்றார். அவளிடம் சொன்னேன். அப்படியானால் வேலை கிடக்கிறது என்று முறத்தைத் தூக்கிக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பம்பாயைப் பார்த்து இங்கிலீஷில் கத்தினேன். அதன் சாரம்: உன் உண்மைக்கு நேற்று ஒரு பெண்ணின் கண் வீங்கியது போதும், அவள் கேட்டதைக் கட்டிவிட்டு எடு, இல்லாவிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு எழுபது வளைவையும் நடந்தே இறங்கு. வேனுக்குள்ளிருந்து நைனா கை தட்டினாள்.

செல்லாயி பச்சைப் பட்டு கட்டினாள். ஜாக்கெட் அவளுக்குப் பற்றவில்லை, முதுகில் பிரித்து ஊசி குத்தினோம். நகை போட்டுவிட்டதெல்லாம் நைனாதான். குத்துவிளக்கை நான் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பையில் போட்டேன். செல்லாயி களத்தில் சாமைக் குவியலின் பக்கத்தில் வெறுங்காலோடு நின்று முறத்தைத் தூக்கித் தூற்றினாள். பட்டின் மேலும் வளையல் மேலும் பொன்னாகத் தூசி விழுந்தது. தலையை நிமிர்த்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பார்வை. ரோஹன் வாயே திறக்காமல் இரண்டு ரோல் எடுத்தார். அவர் கைதேர்ந்தவர், அதை நான் மறுக்கவில்லை.

புடவையை மடித்துக் கொடுக்கும்போது கேட்டாள். "ஏனுங்க, நெசமாலுமே அட்டையில வருமுங்களா?"

"நிச்சயமா வருங்க. நானே கொண்டாந்து குடுக்கறேன்."

திங்கட்கிழமை சென்னை. படச்சுருளைக் கழுவி, வெளிச்சப் பெட்டியின் மேல் பரப்பினோம். பம்பாயிலிருந்து பத்திரிகையின் தலைமை ஆசிரியையே விமானத்தில் வந்துவிட்டார். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் பத்மநாபன். நான் சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன்.

ஆசிரியை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "இந்தக் கைகள்! இந்தப் பாதங்கள்! இந்தத் தூசி! இப்படி ஒன்றை நான் பார்த்ததேயில்லை" என்றார். பத்மநாபன் பார்த்தார். "பட்டு இருக்கு, நகை இருக்கு, லட்சுமிகரமா நெல்லு மாதிரி ஏதோ குவிஞ்சிருக்கு. பரவாயில்லையே!" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

"ஆனால் இந்த முகம்..." என்றார் ஆசிரியை. வாசகி இப்படி ஆக வேண்டும் என்று கனவு காண மாட்டாளாம்.

"மூஞ்சி சரியில்லம்மா" என்றார் பத்மநாபன். "கறுப்பா இருக்கு. யாருன்னே தெரியல. கடைக்காரன் தொங்கவிட மாட்டான்."

ஒரிஜினல் என்றும் உள்ளூர் ருசி என்றும் மூன்று வருஷமாக அடித்துக்கொண்ட இரண்டு கட்சியும் கடைசியில் சமாதானமான இடம் செல்லாயியின் முகம். கம்ப்யூட்டர் பிரிவில் நைனாவின் பழைய படம் ஒன்று இருந்தது. அரை நாளில் தலையை மாற்றிவிட்டார்கள். கழுத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்தார்கள். கைகளை அப்படியே விட்டார்கள், ஏனென்றால் ஆசிரியைக்கு அந்தக் கைகள் பிடித்திருந்தன. ஒப்புதல் தாளில் மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது என்னுடையது. போட்டேன். ஏழு பேர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போட்டேன்.

இதழ் அமோகமாக விற்றது. தமிழ்ப் பதிப்பு பிழைத்தது. உலகத் தரமும் மண்ணின் மணமும் கைகோத்த அட்டை என்று பம்பாயிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே ஒரு உத்தரவு: பொங்கல் இதழுக்கும் அதே கைகள் வேண்டும்.

டிசம்பரில் மறுபடி மலையேறினேன், இந்த முறை தனியாக, பஸ்ஸில். எழுபது வளைவிலும் மடியில் அந்த இதழ் இருந்தது. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பத்துத் தடவையாவது நினைத்திருப்பேன்.

செல்லாயி என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "வந்துட்டீங்களா! வாங்க வாங்க. ஊரே கேட்டுச்சுங்க, பொஸ்தகம் எப்ப வருமுன்னு. அட்டையில வருதுன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிப்புட்டேன்" என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். கொடுத்தேன்.

பார்த்தாள். திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தாள். மறுபடி முன்னட்டை. உள்ளங்கையை எடுத்து அட்டையில் இருந்த முகத்தின் மேல் வைத்து மறைத்தாள்.

"கையி என்னுதுங்க. காலும் என்னுதுதான். மூஞ்சி மட்டும் அந்தப் புள்ளையோடதுங்களா?"

"ஆமாங்க."

"ஏனுங்க?"

அதற்கு நான் சொல்லியிருக்கக் கூடிய பதில்கள் ஏராளம். சந்தை, ஏஜென்ட், வாசகியின் கனவு. எல்லாவற்றையும் கூட்டங்களில் சரளமாகப் பேசியிருக்கிறேன். "தப்பு பண்ணிட்டேங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்" என்றேன். பொங்கல் இதழைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வீட்டுக்குள் போய் ஒரு தகரப்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கையில் ஒரு சின்ன கறுப்பு வெள்ளைப் படத்தோடு வந்தாள். மகளிர் குழுவில் சேர்ந்தபோது செம்மேட்டு ஸ்டூடியோவில் எடுத்ததாம், ஒன்று மிஞ்சியதாம். கத்திரிக்கோலால் தலையை மட்டும் சுற்றி நறுக்கினாள். சட்டியிலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து அதன் முதுகில் நசுக்கி, அட்டையில் நைனாவின் முகத்தின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். அந்த உடம்புக்கு அந்தத் தலை ரொம்பச் சிறுசு. சுற்றிலும் நைனாவின் கூந்தலும் பாதிக் காதும் தெரிந்தன.

கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இப்பச் சரியா இருக்குதுங்களா?"

மூன்று வருஷமாக அட்டைக்கு ஒப்புதல் கொடுக்கிறவள் நான்.

"சரியா இருக்குதுங்க" என்றேன்.